ஒரு செவ்வாய்க்கிழமை தவறினால்: வீட்டுக்கல்விக்கு அட்டவணைக் கருவி தேர்ந்தெடுப்பது

வீட்டுக்கல்விக்கான அட்டவணைச் செயலிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் முகப்பைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். வண்ணப் பட்டைகள் அழகாக இருக்கின்றனவா, பிள்ளை ஒரு பாடத்தை முடித்ததும் நட்சத்திரம் மின்னுகிறதா என்று. இதெல்லாம் முதல் வாரத்தோடு சரி. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், நான்கு பாடங்கள் அப்படியே நிற்கின்றன. புதன்கிழமை காலையில் அந்தக் கருவி உங்களுக்கு என்ன காட்டுகிறது? பாதித் தேர்வு இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

கருவிகள் இதில் மூன்று ரகம். முதல் ரகம் நின்றுபோன பாடங்களை நேற்றைய தேதியிலேயே விட்டுவிடும். கூகுள் நாட்காட்டி, அச்சிட்ட திட்டக் குறிப்பேடு இரண்டும் இப்படித்தான். ஒவ்வொன்றாக இழுத்து இன்றைக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை. இரண்டாம் ரகம், தவறிய பாடத்தையும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவற்றையும் சேர்த்துத் தள்ளிவைக்கும். ஹோம்ஸ்கூல் பிளானெட், ஸ்காலரிக் போன்று வீட்டுக்கல்விக்கென்றே எழுதப்பட்ட செயலிகளில் இந்த வசதி உண்டு. மூன்றாம் ரகத்தில் தேதியே கிடையாது. அடுத்து எது என்பதை மட்டும் சொல்லும் பட்டியல். டிரெல்லோ செயலியில் பாடத்துக்கு ஒரு வரிசையாக அட்டைகளை அடுக்குவதும், ஒரு நோட்டில் பாடங்களை வரிசையாக எழுதி முடித்ததை அடித்துக்கொண்டே போவதும் இதில் சேரும்.

முதல் ரகம் ஆளைச் சோர்வாக்கும். மூன்று நாள் தவறினால் பன்னிரண்டு பாடங்களை இழுக்க வேண்டும். அதற்குப் பயந்தே பலர் பிப்ரவரியில் அட்டவணையைத் திறப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் ரகம் முதலில் மந்திரம்போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு தள்ளலும் ஆண்டின் கடைசிப் பாடத்தை ஒரு நாள் பின்னுக்குக் கொண்டுபோகிறது. மே மாதத்துக்குள் பத்து முறை தள்ளியிருந்தால், நவம்பர் நடுவில் முடிய வேண்டிய கணிதம் விடுமுறைக்குள் புகுந்திருக்கும். இன்றைய பக்கம் மட்டும் எப்போதும்போலச் சுத்தமாகவே தெரியும். மூன்றாம் ரகம் பொய் சொல்லாது, ஆனால் ஆண்டுக்குள் முடிப்போமா என்பதையும் சொல்லாது. ஆகவே எங்கள் பரிந்துரை, மூன்றாம் ரகத்தை எடுத்துக்கொண்டு அதோடு ஒரே ஒரு கணக்கைச் சேர்ப்பது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் சிங்கப்பூர்க் கணக்கு.

நாற்பது வாரமும் அமெரிக்கச் செயலிகளும்

சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பத்து வாரம் வீதம் நான்கு தவணைகள். இடையில் மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனாலும் துணைப்பாட வகுப்பு, நீச்சல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் ஓய்வு எல்லாம் இந்தத் தாளத்தில் நடப்பதால் பெரும்பாலோர் இதையே வைத்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் அதிகம் விளம்பரமாகும் செயலிகள் அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கும், வாரம் ஞாயிறில் தொடங்கும், தேதியில் மாதம் முதலில் வரும். 180 நாள் வருகைப் பதிவு, கிரெடிட் மணி, டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பதிவு என்று பெரிய பகுதிகள் இருக்கும். அவை அங்குள்ள மாநில விதிகளுக்காக. விலை ஒப்பிடும்போது அவற்றைச் சேர்த்து எடைபோடாதீர்கள், நீங்கள் பயன்படுத்தப்போவதில்லை.

இங்கே தேவைப்படுவது வேறு. கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. குடியுரிமை பெற்ற பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கக் கல்வி அமைச்சிடம் விலக்கு பெற வேண்டும். விண்ணப்பத்தோடு என்ன கற்பிக்கப்போகிறீர்கள் என்ற திட்டம் போகும், பிறகு ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை போகும், ஆறாம் ஆண்டில் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும். நிரந்தரவாசிகள், வெளிநாட்டவரின் பிள்ளைகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது; அவர்கள் அறிக்கை தொடர்பாகக் கீழே வருவதைத் தாண்டிப் போகலாம்.

பொதுவிடுமுறை ஆண்டுக்கு 11 நாள். ஞாயிறில் விழுந்தால் திங்கள் விடுமுறை. மனிதவள அமைச்சு முன்கூட்டியே பட்டியல் வெளியிடும், அதைப் பார்த்து உள்ளிடுங்கள். பொங்கலும் தைப்பூசமும் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டுமே முதல் தவணைக்குள் அல்லது அதை ஒட்டி வருபவை. முளைப்பாரியோ காவடியோ, சமையலோ, உங்கள் வீட்டில் எந்தெந்த நாளில் புத்தகம் திறக்காது என்று உங்களுக்குத் தெரியும். அவற்றையும் சேர்த்தே விடுமுறைப் பட்டியலைத் தயாரியுங்கள். எந்தச் செயலியும் அதைத் தானாகச் செய்யாது.

இப்போது கணக்கு. வாரத்துக்கு நான்கு நாள் மட்டும் புதுப் பாடம், வெள்ளிக்கிழமை காலியாக என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வாரத்துக்கு 160 இடங்கள். அந்த நான்கு நாள்களில் விழும் பொதுவிடுமுறைக்கு எட்டு, நோய், உறவினர் வருகை, திருமணம் என்று பன்னிரண்டு கழியுங்கள். 140 மிஞ்சும். கணிதப் பாடநூல், பயிற்சி நூல் இரண்டையும் பிரித்துப் பார்த்ததில் 124 பாடங்கள் வருகிறதென்றால் 16 இடங்கள் கையில் இருக்கின்றன. பரவாயில்லை. 138 வருகிறதென்றால் மிஞ்சுவது இரண்டே இடம், ஜனவரியிலேயே நெருக்கடிதான். பாடங்களை இணைக்க வேண்டும், அல்லது ஜூனில் ஒரு வாரத்தை எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையை நிரப்பி இதைச் சரிக்கட்டக் கூடாது. தவறிய செவ்வாய்க்கிழமை போய் உட்கார வேறு இடம் இருக்காது.

ஒரு ஷீட்டை எப்படிக் கட்டுவது

கூகுள் ஷீட்ஸ் போதும், எக்செல் இருந்தால் அதுவும் சரி. கூகுள் ஷீட்ஸில் முதலில் கோப்பு அமைப்பில் வட்டாரத்தை (Locale) மாற்றுங்கள். பிரிட்டனைத் தேர்ந்தெடுத்தால் நாள் முதலில் வரும். அமெரிக்காவில் விட்டுவைத்தால் 3/4 என்று அடித்தது மார்ச் 4 ஆகிவிடும், 13/4 என்று அடித்ததோ தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: உண்மைத் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம் ஒட்டும்.

ஒரு பாடத்துக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: பாடம், தலைப்பு, நூலும் பக்கமும், நிமிடம், முடித்த தேதி, குறிப்பு. 'திட்டமிட்ட தேதி' என்று ஒரு நெடுவரிசை வைக்கும் ஆசை வரும். வைக்காதீர்கள், இந்த முறையின் உயிரே அங்குதான் இருக்கிறது. பாடம் முடிந்ததும் கண்ட்ரோல் விசையையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் இன்றைய தேதி விழும். முடித்த தேதி காலியாக உள்ள வரிகளை மட்டும் காட்டும்படி வடிகட்டி வைத்தால், ஒவ்வொரு பாடத்திலும் மேலே நிற்பதுதான் இன்றைய வேலை. செவ்வாய் தவறினால் புதன்கிழமை எதையும் இழுக்க வேண்டியதில்லை.

சேர்க்க வேண்டிய அந்த ஒரு கணக்கு இது. தனித் தாளில் விடுமுறை நாள்களை எல்லாம் ஒரே நெடுவரிசையில் எழுதுங்கள். பிறகு வொர்க்டே.இன்டல் (WORKDAY.INTL) என்ற சூத்திரத்துக்கு நான்கு செய்தி கொடுங்கள்: இன்றைய தேதி, மிச்சமுள்ள பாடங்களின் எண்ணிக்கை, வார அமைப்பு, விடுமுறைப் பட்டியல். பாடம் எந்தத் தேதியில் முடியும் என்று அது சொல்லும். மிச்சத்தை எண்ண கவுண்ட்இஃப்ஸ் (COUNTIFS): பாடத்தின் பெயர் கணிதம், முடித்த தேதி வெற்று என்று இரண்டு நிபந்தனை.

வார அமைப்பு என்பது ஏழு இலக்கம், திங்களில் தொடங்கும். பாடம் உள்ள நாளுக்கு 0, இல்லாத நாளுக்கு 1. திங்கள் முதல் வியாழன் வரை என்றால் 0000111. இதை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்; இல்லாவிட்டால் முன்னே உள்ள சுழியங்கள் உதிர்ந்து 111 என்ற எண்ணாகி, பிழை காட்டும். இன்னும் இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்குவார்கள். விடுமுறைப் பட்டியலில் 'ஜூன் விடுமுறை' என்று தொடக்கமும் முடிவும் மட்டும் எழுதினால் சூத்திரத்துக்கு அந்த இரண்டு நாள்தான் விடுமுறை. நடுவில் உள்ள ஒவ்வொரு நாளும் தனி வரியாக இருக்க வேண்டும். முதல் இரண்டை அடித்துவிட்டுக் கீழே இழுத்தால் நிரம்பிவிடும். அடுத்தது, கணிதத்துக்கு எழுதிய சூத்திரத்தை அறிவியலுக்குக் கீழே நகலெடுக்கும்போது விடுமுறைப் பட்டியலின் முகவரியும் ஒரு வரி கீழே நழுவும், ஜனவரி 1 பட்டியலிலிருந்து விழுந்துவிடும். முகவரியில் டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள்.

வாரம் ஒரு முறை அந்தத் தேதியைப் பாருங்கள். நவம்பர் முதல் வாரத்தைக் காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். டிசம்பரைக் காட்டத் தொடங்கினால் இப்போதே ஏதாவது செய்ய வேண்டும். தள்ளிவைக்கும் செயலிகள் உங்களிடமிருந்து மறைப்பது இந்த ஒரு தேதியைத்தான்.

தள்ளக் கூடாதவை

எல்லாப் பாடமும் வரிசைக்கு அடங்காது. எலுமிச்சைத் தொட்டியில் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டால், முட்டையிலிருந்து சிறகு விரியும் வரை ஏறத்தாழ நான்கு வாரம். புழு நாளுக்கு நாள் மாறும். 'எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளு' என்ற பொத்தானை அழுத்தினால் செயலியில் கூட்டுப்புழு தள்ளிப்போகும், தொட்டியில் போகாது. பச்சைப்பயறு முளைப்பும் அப்படியே: இரவு ஊறவைத்து, ஈரப்பஞ்சில் போட்டால் ஓரிரு நாளில் வேர் தெரியும், அந்த நாளில் வரைந்தால்தான் உண்டு. (கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை மட்டும் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள், அறிவியல் பாடம் என்று சொன்னாலும் அபராதம் அபராதம்தான்.) சாங்கிக் கடற்கரைக்கு நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கப் போவதென்றால் கடல் வற்றும் நேரம் தேதியை முடிவுசெய்யும், நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளைத் தேடுங்கள்.

இவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் நாட்காட்டியில் வையுங்கள். நாட்காட்டிக்கு உகந்தது இதுதான்: நகராதவை. தினசரிக் கணிதத்தை அதில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வாகப் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாளை நீக்கும்போது 'இந்த நிகழ்வு', 'இதுவும் இனி வருபவையும்', 'எல்லாம்' என்று கேட்கும். அவசரத்தில் மூன்றாவதைத் தொட்டால் ஜனவரியிலிருந்து பதிந்தது முழுவதும் போய்விடும்.

நூலகமும் நாட்காட்டியில்தான். தேசிய நூலக வாரியத்தில் இரவல் காலம் 21 நாள், ஆக மூன்று வாரத்துக்கு ஒரு நூலக நாள் என்று குறித்தால் போதும். அடுத்த மூன்று வாரத் தலைப்புகளைப் பட்டியலில் பார்த்து அதற்கு முந்தைய வாரமே முன்பதிவு செய்யுங்கள். வேறொருவர் முன்பதிவு செய்த நூலை நீட்டிக்க முடியாது. அறிவியல் நூல்களில் இது அடிக்கடி நடக்கும்.

இரண்டு பிள்ளை, ஒரு அம்மா

ஒரே பிள்ளை என்றால் மணிக்கணக்கான அட்டவணையே வேண்டாம். இரண்டாகும்போது சிக்கல் பிள்ளைகளிடம் இல்லை. கற்பிப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. வீட்டுக்கல்விச் செயலிகள் ஆளுக்கொரு நெடுவரிசை தரும்; கற்பிப்பவருக்கு ஒன்று தரும் செயலி அபூர்வம். ஆகவே இதற்குத் தாளே மேல். இடப்பக்கம் அரை மணி நேரக் கட்டங்கள், மேலே அக்கா, தம்பி, அம்மா என்று மூன்று பெயர். அக்காவுக்குப் பின்னப் பாடம் என்று எழுதினால் அம்மாவின் கட்டத்திலும் அதையே எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே தம்பியின் வாசிப்பு இருந்தால் மோதல் உடனே கண்ணில் படும். தானே செய்யக்கூடியவை, அதாவது பயிற்சித்தாள், கையெழுத்து, கேட்டல், எல்லாம் அம்மாவின் கட்டத்தைத் தொடாது. இளையவனின் வாசிப்பைக் காலையில் முதலில் முடித்துவிடுவது நல்லது. பசியும் தூக்கமும் அவனுக்குத்தான் முதலில் வரும், அவன் முடங்கினால் எல்லாரும் முடங்குவார்கள்.

ஓவியம், இசை, குடிமைக் கல்வி போன்றவற்றுக்குக் கிழமை வேண்டாம். ஒரு சுழல் பட்டியல் எழுதி, வாரத்தில் இரண்டு இடம் கொடுத்து, எது அடுத்ததோ அதைச் செய்யலாம். தமிழை அந்தச் சுழலில் சேர்க்காதீர்கள். ஆங்கிலமே அதிகம் புழங்கும் வீட்டில் முதலில் நழுவுவது தமிழ்ப் பாடம்தான்; சனிக்கிழமை இரண்டு மணி நேரம் என்று ஒதுக்கியது மார்ச் மாதத்தோடு காணாமல் போகும். தினமும் 25 நிமிடம், கணிதத்துக்கு முன்னால், என்று வைத்தால் நிற்கும். தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்துப் பேச வேண்டியிருப்பதால் வாரத்தில் ஒரு நாளை அதற்கே கொடுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்து, '2026-04-14-தமிழ்-வாய்மொழி' என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். முன்னேற்ற அறிக்கை எழுத உட்காரும்போது முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டாலே எழுத வேண்டியது கிடைக்கும்.

அறிக்கைக்காக இன்னொன்று. பாட வரியிலேயே கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் அது எந்தக் கற்றல் விளைவுக்கு உரியது என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். பாடத்திட்டக் கோப்புகள் அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜனவரியில் ஒரு மாலை வேலை. ஆண்டிறுதியில் வடிகட்டினால் எது கற்பித்தோம், எது விட்டோம் என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். பயிற்சித்தாள்களைப் படமெடுத்து மாதத்துக்கு ஒரு கோப்புறையில் போட்டால் போதும், எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், பாடத்துக்கு மாதம் இரண்டு.

தொடக்கநிலை 6க்கு மட்டும் மேலே சொன்ன நாற்பது வாரக் கணக்கு செல்லாது. பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில், எழுத்துத் தேர்வு செப்டம்பர் இறுதியில் தொடங்கிவிடும். முதல் இரண்டு தவணையில் 20 வாரம், மூன்றாம் தவணையில் ஒரு நான்கு வாரம், புதுப் பாடத்துக்கு உள்ளது அவ்வளவே. தொடக்கநிலை 5இன் ஆண்டிறுதி விடுமுறையிலிருந்து கொஞ்சம் கடன் வாங்காமல் இது நடக்காது. ஷீட்டில் கடைசித் தேதி ஜூலை இறுதியைத் தாண்டாமல் பாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன்

பட்டியல், ஷீட் எல்லாம் ஒத்துவராதவர்களுக்குச் செயலி சரிதான். மூன்று, நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் பதிவுவேலையை அது குறைக்கும். இலவசச் சோதனைக் காலத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். மாதிரிப் பாடங்களைத் தொடாமல் உங்கள் பிள்ளையின் உண்மையான இரண்டு வாரப் பாடத்தை உள்ளிடுங்கள். அதற்கே நாற்பது நிமிடம் ஆனால் முழு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவறவிட்டுப் பார்த்து, ஒரு பாடத்தை மட்டும் தள்ளி மற்றதை அசைக்காமல் இருக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

பிறகு தமிழ். 'கொக்கு, கோழி, கௌதாரி' என்று பாடத் தலைப்பில் அடித்து, பிடிஎஃப் ஆக எடுத்துப் பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்தது பிடிஎஃப்பில் உடையலாம்: ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. அதை இடம் மாற்றி வரைவது நிரலின் பொறுப்பு, பிடிஎஃப் செய்யும் பகுதி சில செயலிகளில் அதைச் செய்வதில்லை. உலாவியின் அச்சு வழியே பிடிஎஃப் ஆகச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவும் உடைந்தால் அந்தச் செயலி வேண்டாம்.

கடைசியாக, உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா? சிஎஸ்வி (எந்த ஷீட்டிலும் திறக்கக்கூடிய எளிய பட்டியல் கோப்பு) ஏற்றுமதி இல்லாத கருவிக்கு ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். எடுத்த கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம், கோப்பு கெட்டுப்போகவில்லை. தரவு மெனு வழியாக இறக்குமதி செய்து, குறியாக்கம் 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், தமிழ் திரும்பிவிடும். நோஷன் என்ற குறிப்புச் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கும் இந்த வழி உண்டு. கணவனும் மனைவியுமாக ஒரே நோஷன் பணியிடத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் இலவசத் திட்டத்தில் பதிவுக்கு வரம்பு வரும்; ஒருவர் உரிமையாளராகவும் மற்றவர் விருந்தினராகவும் இருந்தால் வராது.

பெரும்பாலான செயலிகள் அமெரிக்க டாலரில் கட்டணம் வாங்கும், வங்கி அதன்மேல் மாற்றுக் கட்டணம் சேர்க்கும், சந்தா தானாகப் புதுப்பிக்கும். கருவியை மாற்றுவதென்றால் ஜூனிலோ ஆண்டிறுதியிலோ மாற்றுங்கள். தவணை நடுவில் வேண்டாம். பழைய சந்தாவை நிறுத்துவதற்கு முன் சிஎஸ்வி, பிடிஎஃப் இரண்டையும் எடுத்து, திறந்து பார்த்து, அந்த ஆண்டின் அறிக்கை அமைச்சுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிறுத்துங்கள்.